போதும் என்று வயிறு சொல்லும் நேரம்

மனிதன் உண்ணத் தொடங்குவதற்குக் காரணம் எளிதில் விளங்குகிறது, அவனுக்குப் பசிக்கிறது. ஆனால் அவன் உண்பதை நிறுத்துவதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், விடை சொல்வது அவ்வளவு எளிதன்று. வயிறு நிறைந்துவிட்டதால் நிறுத்துகிறான் என்று சொல்லலாம்; ஆயினும் இரைப்பை கொள்ளும் எல்லை முழுவதும் நிறையும்வரை உண்பவர்கள் மிகச் சிலரே. உடலுக்கு வேண்டிய சத்து கிடைத்துவிட்டதால் நிறுத்துகிறான் என்றும் சொல்ல இயலாது. ஏனெனில், அவன் கை கழுவிக்கொண்டு எழுந்திருக்கும் தருணத்தில், உண்ட ஆகாரத்தின் பெரும்பகுதி இன்னும் இரைப்பையிலேயே இருக்கிறது. அது கூழாகிச் சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக இறங்கி, ஜீரணமாகி, இரத்தத்தில் கலந்து முடிவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே, சரீரம் தனக்கு வேண்டியதைப் பெற்று முடிப்பதற்கு வெகுநேரம் முன்னதாகவே, 'போதும்' என்ற முடிவு நமக்குள் எங்கோ ஏற்பட்டுவிடுகிறது. அந்த முடிவு எவ்வாறு ஏற்படுகிறது, அவசரமாக உண்பவனிடத்தில் அது ஏன் காலந்தாழ்ந்து ஏற்படுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கிறார்கள்.

இது வெறும் அறிவு வேட்கைக்காக மட்டும் ஆராயத்தக்க விஷயமன்று. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் உயரத்துக்குத் தக்க அளவைக் கடந்த எடை உடையவர்களாக இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில், அதாவது 2015–16-இல், இத்தொகை பெண்களில் 30.9 சதவீதமாகவும் ஆண்களில் 28.2 சதவீதமாகவும் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் பல. உண்ணும் பொருள்கள் மாறியிருக்கின்றன, சரீர உழைப்பு குறைந்திருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது, பரம்பரையின் பங்கும் உண்டு. இவற்றுள் பலவற்றைத் தனி மனிதர் ஒருவர் மாற்ற முயன்றால் பணச்செலவோ பெரும் பிரயாசையோ வேண்டியிருக்கும். ஆனால் உண்ணும் வேகம் என்ற ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வைத்தியர்கள் கேட்பதும் குறைவு, நாம் நினைப்பதும் குறைவு. எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம் என்பவற்றோடு, எவ்வளவு நேரத்தில் உண்கிறோம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

இந்த எண்ணத்தை மேல்நாடுகளில் ஊரறியச் செய்தவர் ஹோரஸ் பிளெட்சர் (1849–1919) என்ற அமெரிக்க வியாபாரி. செல்வம் ஈட்டி உல்லாசமாக வாழ்ந்து நாற்பது வயதைக் கடந்தபோது, அவர் 200 பவுண்டுக்கு மேல் எடையுடையவராகவும் அடிக்கடி நோயுறுபவராகவும் ஆகிவிட்டார். ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்துகொள்ள விரும்பிப் போனபோது, தேகநிலை சரியில்லை என்று அவரை மறுத்து அனுப்பிவிட்டார்கள். கலக்கமுற்ற அவர் தம் உணவுப் பழக்கங்களைத் தாமே பரிசோதித்து, நன்றாகப் பசித்தாலன்றி உண்பதில்லை, கோபமோ கவலையோ கொண்ட மனத்தோடு உண்பதில்லை, வாயிலிட்ட கவளம் சுவையெல்லாம் இழந்து நீர்போலாகித் தானாகவே தொண்டையில் இறங்கும்வரை அதை விழுங்குவதில்லை என்ற நியமங்களை வகுத்துக்கொண்டார். அவருடைய எடை ஏறக்குறைய 40 பவுண்டு குறைந்தது. 1903-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் சிட்டெண்டன் என்ற பேராசிரியர் அவரைப் பரிசோதனைக்கு உட்படுத்தியபோது, ஐம்பது வயதைக் கடந்திருந்த அம்மனிதர் அங்கிருந்த இளைஞர்களுக்கென வகுத்த கடுமையான தேகப் பயிற்சிகளைத் தளர்ச்சியின்றிச் செய்து முடித்தது எல்லோரையும் வியக்கச் செய்தது. அவர் பெயராலேயே ஓர் இயக்கம் தோன்றி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் பேர் மென்று உண்பதை ஒரு விரதம்போல மேற்கொண்டார்கள்.

ஆனால் பிளெட்சர் தம் கொள்கையை அளவுக்கு மீறி இழுத்துச் சென்றார். இளம் வெங்காயத்தின் ஒரு சிறு துண்டு தானாகத் தொண்டைக்குள் இறங்குவதற்கு 722 தடவை மெல்ல வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எவ்வளவு மென்றும் கரையாத நார்ப்பகுதியைத் துப்பிவிட வேண்டும் என்று போதித்ததும் அவர் செய்த பிழையே. அந்த நார்ப்பொருள் குடலுக்கு எவ்வளவு அவசியமானது என்பதை இன்று யாவரும் அறிவோம். மெல்லுவதிலேயே ஏதோ ஒரு மாயசக்தி இருப்பதாக அவர் நம்பினார். உண்மையில் அவருடைய எடை குறைந்ததற்குக் காரணம், அவ்வாறு மென்று உண்டபோது அவர் முன்பைவிட மிகக் குறைவாக உண்டதுதான். ஏன் குறைவாக உண்டார், குறைவாக உண்டும் ஏன் பசியால் வாடவில்லை என்பதே விளக்கம் வேண்டும் விஷயம். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம்மவர் சொல்லும் பழமொழியிலும் பயனைப் பற்றிய செய்தி இருக்கிறதேயன்றி, காரணத்தைப் பற்றிய செய்தி இல்லை. காரணத்தை அறிய நாம் ஆராய்ச்சிச் சாலைகளுக்குத்தான் செல்ல வேண்டும்.

முதலாவதாக, வாயில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவ், நாயின் உணவுக் குழாயைக் கழுத்தருகே வெளியே திறந்துவிட்டு, அது விழுங்கிய இறைச்சி இரைப்பைக்குப் போகாமல் கழுத்துத் துளையின் வழியே வெளியே விழுமாறு செய்தார். ஒரு துணுக்கு உணவுகூட இரைப்பையை அடையவில்லை. ஆயினும் நாய் உண்ணத் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் அதன் இரைப்பையில் ஜீரண நீர் தாராளமாகச் சுரந்தது. மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் என்ற நரம்பை அறுத்துவிட்டால் அச்சுரப்பு நின்றுபோயிற்று. உணவின் காட்சியும் மணமும் சுவையும் மூளைக்கு எட்டியவுடனேயே, வரப்போகும் உணவை ஏற்க வயிறு ஆயத்தமாகிவிடுகிறது என்பதை இச்சோதனை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தது. ஆகவே வாயானது உணவை அரைத்துத் தள்ளும் யந்திரம் மட்டுமன்று. இன்ன சுவையுடைய உணவு இத்தனை அளவில் வருகிறது என்பதை உடல் முழுவதற்கும் முன்கூட்டி அறிவிக்கும் இடமும் அதுவே.

எனினும் வாய் தரும் செய்தி மட்டும் 'போதும்' என்ற உணர்வை உண்டாக்கப் போதாது. உண்ட உணவு இரைப்பையிலிருந்து வெளியேறிவிடுமாறு செய்த எலிகள், திருப்தியடைந்து நிறுத்தாமல், நெடுநேரம் உண்டுகொண்டே இருக்கின்றன. 1973-இல் ஜேம்ஸ் கிப்ஸ், ராபர்ட் யங், ஜெரார்டு ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர், இத்தகைய எலிகளுக்குக் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் செலுத்திப் பார்த்தார்கள். கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முற்பகுதியைத் தீண்டும்போது அங்குள்ள செல்கள் வெளியிடும் பொருள் அது. பித்தப்பையைச் சுருங்கச் செய்வது அதன் தொழில் என்று 1928 முதலே அறிந்திருந்தார்கள். அதைச் செலுத்தியவுடன், நிறுத்தாமல் உண்டுகொண்டிருந்த எலிகள் உண்பதை நிறுத்தின. வயிறார உண்ட எலி எவ்வாறு தன் உடலைத் துப்புரவு செய்துகொண்டு ஓய்வெடுக்குமோ, அவ்வாறே அவையும் செய்தன. பித்தப்பையின் ஏவலாள் என்று எண்ணியிருந்த ஒரு பொருள், மூளைக்குத் திருப்தியின் தூதாகவும் இருக்கிறது என்பது அன்று வெளிப்பட்டது.

அதன்பிறகு இத்தகைய தூதுகள் இன்னும் பல இருப்பது தெரியவந்தது. உணவு சேரச் சேர இரைப்பையின் சுவர் விரிகிறது. அவ்விரிவை உணரும் நரம்பு நுனிகள் வேகஸ் நரம்பின் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. சிறுகுடலின் முற்பகுதி கோலிசிஸ்டோகைனினை வெளியிடுகிறது. குடலின் பிற்பகுதியில் மிகுதியாக உள்ள ஒருவகைச் செல்கள் பெப்டைட் ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகின்றன. மறுபுறம், வெறும் வயிற்றில் பெருகிப் பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற ஹார்மோன், உண்டபின் குறைகிறது. இது 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தது. இவையெல்லாவற்றுக்கும் பின்னணியாக, 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன், உடலில் சேமித்துள்ள கொழுப்பின் அளவை மூளைக்கு நாள்தோறும் உணர்த்திவருகிறது. இத்தனை செய்திகளையும் முகுளமும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியும் ஒன்றுசேர்த்து எடைபோட்ட பின்னரே, பசி படிப்படியாகத் தணிந்து, 'போதும்' என்ற உணர்வு நம் அறிவுக்கு எட்டுகிறது.

இங்கேதான் காலம் என்பது முக்கியமாகிறது. இரைப்பை விரிவதற்கும், கூழான உணவு குடலில் இறங்குவதற்கும், ஹார்மோன் சுரந்து இரத்தத்தில் போதிய அளவு பெருகுவதற்கும் நேரம் பிடிக்கிறது. ஆளுக்கு ஆளும் உணவுக்கு உணவும் இது வேறுபடுமாயினும், உண்ணத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 நிமிஷங்கள் சென்ற பிறகே இச்செய்திகள் வலுப்பெறுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏரி மதகைத் திறந்துவிட்டு நிற்பவன், கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அதை அடைக்க வேண்டுமென்றால், சொல்ல வருபவன் வரப்பில் நடந்து வருகிற நேரமெல்லாம் நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். மதகைச் சிறிதாகத் திறந்திருந்தால் அதனால் தீங்கில்லை, முழுவதும் திறந்திருந்தாலோ வயல் மூழ்கிவிடும். எட்டு நிமிஷத்தில் உண்டு முடிப்பவனுடைய நிலையும் இதுவே. அவன் பேராசை கொண்டவனாக இருக்க வேண்டுமென்பதில்லை. மன உறுதியற்றவனாக இருக்க வேண்டுமென்பதுமில்லை. அவனுடைய உடல் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவன் தட்டு காலியாகிவிடுகிறது, அவ்வளவே.

இது வெறும் அனுமானமன்று. 2010-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கிரேக்க நாட்டு விஞ்ஞானிகள் ஆரோக்கியமான ஆண்கள் 17 பேருக்கு 300 மில்லிலிட்டர் ஐஸ்கிரீமை ஒருநாள் 5 நிமிஷத்திலும், மற்றொருநாள் 30 நிமிஷத்திலும் உண்ணக் கொடுத்து, அவர்களுடைய இரத்தத்தை அடுத்தடுத்துச் சோதித்தார்கள். உண்டது ஒரே பொருள், ஒரே அளவு. ஆயினும் நிதானமாக உண்ட நாளில் பெப்டைட் ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 ஆகிய இரண்டும் மிகுதியாகச் சுரந்திருந்தன. பசியைத் தூண்டும் க்ரெலினில் மட்டும் வேறுபாடு காணவில்லை. ஒரே அளவு உணவு, உண்ணும் வேகத்தைப் பொறுத்து, உடலுக்கு வெவ்வேறு அளவு திருப்திச் செய்தியைத் தருகிறது என்பது இதனால் புலனாயிற்று.

ஜி.எல்.பி.-1 என்ற பெயர் இன்று பலர் காதில் விழுந்திருக்கும். நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் இப்போது வழங்கப்படும் செமாகுளூட்டைட் முதலிய மருந்துகள் இந்த ஹார்மோனைப் போலவே செயற்படுமாறு ஆக்கப்பட்டவை. நிதானமாக உண்டால் அம்மருந்து தரும் பயன் முழுவதும் கிடைத்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இயற்கையில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 இரண்டொரு நிமிஷங்களில் சிதைந்துவிடுகிறது. மருந்தோ வாரக்கணக்கில் உடலில் தங்கி வேலை செய்வதற்காகவே அமைக்கப்பட்டது. இரண்டும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன என்பது உண்மை. தட்டும் பலம் ஒன்றன்று.

உண்ணும் அளவு உண்மையில் குறைகிறதா என்று நேரடியாக அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தில் 30 பெண்களுக்கு வேண்டிய மட்டும் உண்ணுமாறு சொல்லி ஒரே உணவை இரண்டு நாட்கள் கொடுத்தார்கள். ஒருநாள் பெரிய கரண்டியால் இயன்ற அளவு விரைவாக உண்ண வேண்டும். மற்றொருநாள் சிறிய கரண்டியால் எடுத்து, ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மென்று, கவளத்துக்குக் கவளம் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். விரைந்து உண்ட நாளில் சராசரியாக 9 நிமிஷத்துக்குள் ஏறக்குறைய 646 கலோரியும், நிதானித்து உண்ட நாளில் 29 நிமிஷத்தில் 579 கலோரியும் உட்கொண்டார்கள். குறைவாக உண்ட அந்நாளிலேதான் அவர்கள் அதிகத் திருப்தி அடைந்ததாகவும் சொன்னார்கள். 2008-இல் வெளிவந்த இம்முடிவைச் சீன நாட்டில் ஹார்பின் நகரத்து ஆராய்ச்சி ஒன்று 2011-இல் வேறொரு வகையில் உறுதிசெய்தது. ஒரு கவளத்தை 15 தடவைக்குப் பதிலாக 40 தடவை மென்றபோது, மெலிந்த இளைஞர்கள், பருத்த இளைஞர்கள் ஆகிய இருசாராரும் ஏறக்குறைய 12 சதவீதம் குறைவாக உண்டார்கள். நிதானமாக உண்டு குறைத்துக்கொண்டால் சிறிது நேரத்தில் மீண்டும் பசிக்குமே என்று அஞ்சுகிறவர்களுக்கும் விடை இருக்கிறது: 22 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டில், நிதானமாக உண்டவர்கள் குறைவாக உண்டார்களேயன்றி, அதன்பின் வந்த மணி நேரங்களில் அவர்களுக்குப் பசி அதிகமாக இருந்ததாகக் காணவில்லை.

ஒரு வேளைக்கு அறுபது எழுபது கலோரி என்பது பெரிய தொகையன்று. ஏறக்குறைய ஒரு வாழைப்பழத்துக்கும் குறைவானது. எல்லோரிடத்திலும் இப்பயன் ஒரே அளவில் தோன்றுவதுமில்லை. டெக்சாஸில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், இயல்பான எடையுடையவர்கள் நிதானித்து உண்டபோது உணவு தெளிவாகக் குறைந்தது. மிகை எடை உடையவர்களிடத்தில் அக்குறைவு உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆகவே இதை ஒரு சர்வரோக நிவாரணியாக எடுத்துக்கூறுவது சத்தியத்துக்கு விரோதமாகும். ஆனால், எடை கூடுவது பெரும்பாலும் ஒருநாள் விருந்தினாலன்று, நாள்தோறும் அறியாமல் சேரும் சிறு மிகைகளால்தான் என்பதை நினைத்தால், நாள்தோறும் அறியாமல் கழியும் சிறு குறைவுகளையும் நாம் அலட்சியம் செய்யலாகாது.

நீண்டகாலப் பழக்கத்தின் விளைவை அறிய ஜப்பானியர் செய்த ஆராய்ச்சிகள் உதவுகின்றன. ஆண்கள், பெண்கள் ஆகியோருள் 3,287 பேரிடம் விசாரித்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வேகமாக உண்பது, வயிறு முட்டும்வரை உண்பது ஆகிய இரண்டு பழக்கங்களும் ஒருங்கே உடையவர்கள், இரண்டும் இல்லாதவர்களைவிட மிகை எடை உடையவர்களாக இருப்பதற்கு ஏறக்குறைய மும்மடங்கு வாய்ப்பு இருந்தது. இவ்வகை ஆராய்ச்சி தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிலைநாட்டாது. பருத்த உடலே வேகமாக உண்ணத் தூண்டுகிறதோ என்ற ஐயமும் எழலாம். ஆயினும் ஆராய்ச்சிச் சாலையில் கண்டதும் ஊர்களில் கண்டதும் ஒரே திசையைக் காட்டும்போது, அந்த நாட்டு அரசாங்கம் 2009-இல் ஒரு கவளத்துக்கு 30 தடவை மெல்லுமாறு மக்களுக்கு அறிவுரை கூறத் தொடங்கியதில் வியப்பில்லை.

உண்ணும் வேகம் நம் மனத்தை மட்டும் பொறுத்ததன்று. உண்ணும் பொருளையும் பொறுத்தது. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை ஒரு மாதம் ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே தங்கச்செய்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் இயல்பான உணவையும் வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்தார். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ப்பொருள் ஆகியவை இருவகையிலும் சமமாக இருந்தும், பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகமாக உட்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ எடை கூடிற்று. அவ்வுணவை அவர்கள் அதிக வேகத்தோடு உண்டதும் குறித்துவைக்கப்பட்டது. மென்மையாய், வாயில் வைத்தவுடன் கரையுமாறு செய்யப்பட்ட பண்டங்களை யாராலும் நிதானமாக உண்ண இயலாது. பற்களுக்கு அங்கே வேலையே இல்லை. சாப்பாட்டுக்கு முன் முழு ஆப்பிளை உண்டவர்கள், அதையே கூழாகவோ சாறாகவோ உட்கொண்டவர்களைவிட, அதன்பின் வந்த உணவைக் குறைவாக உண்டார்கள் என்று பென்சில்வேனியாவில் கண்டறிந்ததும் இதையே வலியுறுத்துகிறது. பற்கள் கடித்து மெல்ல வேண்டிய முழுக் கொய்யாப்பழத்துக்கும், ஒரே மூச்சில் குடித்துவிடும் கொய்யாச் சாற்றுக்கும் உள்ள வேற்றுமை சத்தில் மட்டுமன்று, காலத்திலும் இருக்கிறது.

இனி, கவனம் என்ற விஷயத்துக்கு வருவோம். நிதானமாக உண்பதும் கவனத்தோடு உண்பதும் ஒன்றல்ல. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உண்பவனிடம் நேரம் இருக்கிறது, கவனம் இல்லை. கவனத்தின் பெருமையை விளக்கும் மிக வியப்பான சான்று, 1998-இல் பால் ரோசின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டது. மூளையில் ஏற்பட்ட கேட்டினால் புதிய நிகழ்ச்சி எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள இயலாத இரண்டு நோயாளிகளுக்கு அவர்கள் பகலுணவு கொடுத்தார்கள். உண்டு முடித்துப் பத்து முதல் முப்பது நிமிஷங்களுக்குள் மறுபடியும் பகலுணவை எதிரில் வைத்தபோது, அவர்கள் அதையும் உண்டார்கள். மூன்றாவது முறை வைத்ததையும் பெரும்பாலும் உண்ணத் தொடங்கினார்கள். வயிற்றிலிருந்து செல்லும் செய்திகளுக்கு அவர்களிடம் குறைவில்லை. குறைந்தது, 'நான் சற்றுமுன் உண்டேன்' என்ற ஞாபகம் ஒன்றே. ஆகவே திருப்தி என்பது வயிறும் குடலும் மட்டும் ஆக்குவதன்று. உண்டதை அறிந்து நினைவில் வைத்திருக்கும் மனமும் அதில் பங்காளி.

ஞாபகம் கெடாதவர்களிடமும் இது சிறிய அளவில் உண்மையாகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சுசான் ஹிக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பகலுணவைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உண்டவர்கள் பிற்பகலில் பிஸ்கட்டுகளை அதிகமாகத் தின்றதையும், பகலில் உண்டதை ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொன்னால் குறைவாகத் தின்றதையும் கண்டார். கவனமின்றி உண்ட உணவு ஞாபகத்தில் ஆழமாகப் பதிவதில்லை. பதியாத உணவு, உண்ட பிறகும் உண்ணாததுபோலவே மனத்துக்குத் தோன்றுகிறது. கைப்பேசியை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் உண்ணும் பழக்கம் இன்று சிறு குழந்தைகளிடத்தும் புகுந்துவிட்டது. படம் காட்டினால்தான் குழந்தை வாய் திறக்கிறது என்று அதைப் பெற்றோர்கள் சௌகரியமாகக் கருதுகிறார்கள். ஆனால் இவ்வாறு வளரும் குழந்தை, தன் வயிறு நிறைந்ததை உணரக் கற்றுக்கொள்ளும் பருவத்திலேயே அப்பாடத்தை இழந்துவிடுகிறது என்பது மிகவும் வருந்தத்தக்கது.

கவனத்தையே ஒரு பயிற்சியாக வகுத்தவர்களும் உண்டு. 1979-இல் மாசச்சூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில், ஒரே ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்து, மெல்ல மெல்லக் கடித்து உண்ணுவது ஒரு பாடம். அளவு கடந்து அள்ளி உண்ணும் நோயால் அவதிப்பட்டவர்களுக்கு இத்தகைய பயிற்சிகள் உதவியிருக்கின்றன. எடைக் குறைப்பில் மட்டும் இதன் பயன் அவ்வளவு தெளிவாக இல்லை. உணவுத் திட்டம், தேகப் பயிற்சி ஆகியவற்றோடு இதையும் சேர்த்து 194 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சேர்க்காதவர்களைவிட இவர்களுக்கு ஏற்பட்ட கூடுதல் எடைக்குறைவு நிச்சயமாகச் சொல்லத்தக்கதாக இல்லை. ஆனால் உண்ணும் வேகத்தையே நேராகப் பிடித்துத் திருத்திய ஒரு முயற்சி நல்ல பலன் தந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில், 9 முதல் 17 வயதுவரையுள்ள பருத்த சிறுவர் சிறுமியர் 106 பேரில் ஒரு பகுதியினருக்கு, தட்டின் கீழ் வைத்த தராசு அவர்கள் உண்ணும் வேகத்தைத் திரையில் காட்டும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பழக்கியபோது, ஓராண்டின் முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுடைய பருமன் அதிகமாகக் குறைந்திருந்தது. பழக்கத்தை மாற்ற இயலும் என்பதற்கும், மாற்றுவதற்கு உதவி வேண்டும் என்பதற்கும் இது ஒருங்கே சான்று.

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை மிக எளியவை. வாயிலுள்ள கவளத்தை விழுங்கிய பிறகே அடுத்த கவளத்தைப் பிசைவது; குழம்பில் குழைத்த சோற்றை வழுக்கிச் செல்லவிடாமல் மெல்லுவது; பச்சை வெள்ளரி, சுண்டல், முழுப் பயறு, பழங்கள் முதலிய, பற்களுக்கு வேலை வைக்கும் பொருள்களை ஒவ்வொரு வேளையிலும் சேர்ப்பது; மறுசோறு வாங்குமுன் சிறிது நேரம் பேசிக்கொண்டிருப்பது; சாப்பிடும் இடத்தில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது; கொலைப்பசி வரும்வரை உணவைத் தள்ளிப்போடாதிருப்பது, ஏனெனில் அத்தகைய பசியில் எந்த நியமமும் நிற்பதில்லை. பிளெட்சரைப்போல மெல்லும் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையில் மனம் சென்றால் சுவையில் மனம் செல்லாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் உணவின் அளவு குறைந்தால் மருந்தின் அளவைப் பற்றி வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவைப் பற்றிய அச்சமே நோயாக உடையவர்கள் இத்தகைய விதிகளைத் தாமாக மேற்கொள்ளலாகாது.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். நிதானமாக உண்ணுங்கள் என்று உபதேசிப்பது எளிது; அதற்கு வேண்டிய நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது அதைவிட அவசியம். 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாதென்றும், இடையே அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டுமென்றும் விதித்தது. அந்த அரைமணி நேரத்தில் கை கழுவவும் வரிசையில் நிற்கவும் போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் உண்பதற்கு எஞ்சுவது, நாம் மேலே கண்ட கணக்கின்படி, உடல் பேசத் தொடங்குவதற்குக்கூடப் போதாது. மணி அடிப்பதற்குள் டிபன் பாத்திரத்தைக் காலிசெய்ய வேண்டிய பள்ளிக் குழந்தைகளும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுக்களையில் நின்றபடியே எஞ்சியதை விழுங்கும் தாய்மார்களும், இரண்டு சவாரிகளுக்கு நடுவே உண்ணும் ஆட்டோ ஓட்டுநர்களும் அவசரத்தைத் தாமாக விரும்பி ஏற்றவர்கள் அல்லர். அவர்களிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது நியாயமன்று; அவர்களுக்கு நேரம் கொடுப்பதே நியாயம். பள்ளியின் கால அட்டவணையை வகுப்பவரும், ஆலையில் மணி அடிக்கச் செய்பவரும், வீட்டில் முதற்பந்தியில் அமர்பவரும், ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து உண்ண முழுமையான அரைமணி நேரம் என்பதைச் சலுகையாகக் கருதாமல் ஆரோக்கியத்தின் ஒரு பகுதியாகவே கருதத் தொடங்கினால், எடையைக் குறைக்கச் சொல்லும் ஆயிரம் அறிவுரைகளைவிட அது பெரிய உதவியாகும்.